ஒட்டுவதா, இணைப்பதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தாராவி, மாட்டுங்கா பக்கம் நம்மவர்கள் நிரப்பிக் கொடுக்கும் ஆங்கிலப் படிவங்களில் ‘அஃபிக்ஸ்’, ‘அட்டாச்’ இரண்டும் படாதபாடு படுகின்றன.

‘அஃபிக்ஸ்’ என்றால் தாளின் மேலேயே படிய ஒட்டுவது. ‘அட்டாச்’ என்றால் தனித்தாளாகக் கூட வைப்பது, கழற்றி எடுக்கலாம்.

புகைப்படக் கட்டத்தில் ‘அஃபிக்ஸ்’ என்றிருந்தால் ஸ்டேப்ளர் கூடாது. ஸ்டேப்ளர் பின் படத்திலுள்ள முகத்தைக் கீறும், ஸ்கேனில் கோடாக விழும். பான் அட்டையின் 49ஏ படிவக் குறிப்பிலேயே பின், கிளிப் வேண்டாம் என்று அச்சிட்டிருந்தார்கள்; குறிப்பை யார் படிக்கிறார்கள்? பசையை மெல்லியதாக, நான்கு ஓரமும் படியத் தடவ வேண்டும். நீர்த்த கோந்து தாளைச் சுருக்கிவிடும்.

ரெவின்யூ ஸ்டாம்புக்கும் இதே சொல்தான். 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதில் ஒரு ரூபாய் ஸ்டாம்பை ஒட்டினால் மட்டும் போதாது. கையெழுத்து பாதி ஸ்டாம்பிலும் பாதி தாளிலுமாக விழவேண்டும். 1899-ஆம் ஆண்டு இந்திய முத்திரைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, மறுபடி பயன்படுத்த முடியாதவாறு ரத்து செய்யாத ஸ்டாம்பு, ஒட்டாததற்குச் சமம்.

‘அட்டாச்’ சொன்னால் பசையைத் தொடவே வேண்டாம். ரேஷன் கார்டு நகலைப் படிவத்தின் முதுகில் ஒட்டினால் அங்குள்ள உறுதிமொழி மறைந்துபோகும். இடது மேல் மூலையில் ஒரு பின் போதும்.

‘அஃபிக்ஸ் சிக்னேச்சர்’ என்பது கையெழுத்திடச் சொல்வதுதான். துண்டுச்சீட்டில் போட்டு ஒட்டச் சொல்வதல்ல.

தங்கள் நாளிதழின் விண்ணப்பச் செய்திகளிலும் இரண்டையும் ‘இணைக்கவும்’ என்றே எழுதுவதை மாற்றிக்கொள்ளலாம்.

— வாசகர், தாராவி, மும்பை