எட்டரை அல்ல, ஏழரை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இரண்டு இதழ்களுக்கு முன் ஜெர்மன் மொழிப் பகுதியில், "ஹால்ப் அஹ்ட் என்றால் எட்டரை. தமிழைப் போலவே சுலபம்" என்று போட்டிருந்தீர்கள். ஹால்ப் அஹ்ட் என்றால் ஏழரை, ஐயா. எட்டு மணியை நோக்கிப் பாதி வந்தாயிற்று என்பது இந்த ஊர்க் கணக்கு. தங்களுக்குத் தெரியாததல்ல, அச்சுக்குப் போகும்முன் பார்க்க நேரம் இருந்திருக்காது.

நர்சிங் பயிற்சிக்காகத் திருநெல்வேலியிலிருந்து ஸ்டுட்கார்ட் வந்த பெண் ஒருத்தி, அந்தப் பக்கத்தைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள். முதல் கூட்டம் ஹால்ப் அஹ்டுக்கு என்றார்கள். அவள் எட்டேகாலுக்கே போய் நின்றாள், கால் மணி முன்னதாகப் போகிறோம் என்ற பெருமையோடு. கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்களாம். என் வீட்டுக்கு வந்து அழுதாள். சாம்பார் சாதம் போட்டு அனுப்பினேன். வேறென்ன செய்ய?

அதோடு விட்டீர்களா? கால், முக்கால் பற்றி ஒரு வரி இல்லை. ஹாம்பர்க்கில் இருந்தவரை எனக்குத் தொல்லையில்லை, அங்கே ஏழேகாலை "ஏழுக்குப் பின் கால்" என்பார்கள். இங்கே ஸ்டுட்கார்ட் வட்டார ஷ்வாபியக்காரர்கள் அதையே "ஃபியர்டல் அஹ்ட்" என்கிறார்கள். "டிரைஃபியர்டல் அஹ்ட்" என்றால் ஏழே முக்கால். லைப்சிக், டிரெஸ்டன் பக்கமும் இப்படித்தான். "உம் அஹ்ட்" என்றால் சரியாக எட்டு, "கேகன் அஹ்ட்" என்றால் எட்டு வாக்கில், "அப் அஹ்ட்" என்றால் எட்டுக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வா. விருந்துக்கு அழைப்பவர் எதைச் சொன்னார் என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். ரயில் நிலையத்தில்தான் 19.30 என்று 24 மணிக் கணக்கு. பேச்சில் பெரும்பாலும் பன்னிரண்டோடு சரி.

மொழிப் பகுதியை மட்டும் சொல்வானேன்? போன வருடம் உங்கள் தலையங்கம் ஜெர்மானியரைக் காட்டி, "நேரந்தவறாமையைத் தமிழர் கற்க வேண்டும்" என்று உபதேசித்தது. ரயில் தாமத அறிவிப்பு இங்கே தினப்படி கேட்கும் சங்கதி. பல்கலைக்கழகத்தில் பத்து மணி வகுப்புக்குப் பக்கத்தில் "சி.டி." என்று போட்டிருந்தால் பத்தேகாலுக்குத்தான் தொடங்கும், "எஸ்.டி." என்றால்தான் டாணென்று பத்து. அப்போதே எழுதினேன். பதில் இல்லை. சந்தா முடியப்போகிறது என்ற கடிதம் மட்டும் ஒரு நாள்கூடத் தவறாமல் வருகிறது.

நான் கேட்பது நான்கு வரித் திருத்தம். அதையும் கடைசிப் பக்கத்தில் நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே பொடி எழுத்தில் போடாமல், பிழை வந்த அதே பக்கத்தில் போடுங்கள். அந்தப் பெண் கத்தரித்து ஒட்டிக்கொள்ள வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
ஸ்டுட்கார்ட், ஜெர்மனி.