எங்கட முடுக்கு

அன்பின் மச்சான்,

நாலு மாதமாகப் பதில் போடாதது என்ட பிழைதான். இங்கே எல்லாரும் சுகம். சின்னவனுக்கு ஓ.எல். சோதனை முடிந்தது. அம்மாவின் முழங்கால் எப்படி?

நீ வாங்க நினைத்துப் படம் அனுப்பிய, கொழும்பு கொம்பனித்தெரு மாடி வீட்டைப் போய்ப் பார்த்தேன். விலையை டொலரில்தான் சொன்னார்கள். 22ஆம் மாடி, ஒரு பக்கம் பேர வாவி, மறுபக்கம் துறைமுக நகரம். காலிமுகத்திடலில் பட்டம் விட்ட காலத்தில் அது வெறும் கடல். 2014இல் சீனக் காசில் வேலை தொடங்கி, 269 ஹெக்டேயர் நிரப்பிவிட்டார்கள். இறங்கி வந்தபோது, வாகனம் நிற்பாட்டும் இடத்தை, வீடு காட்ட வந்த பொடியன் காட்டினான். அங்கேதான் எனக்குப் பிடிபட்டது. மச்சான், அது எங்கட முடுக்கு. குழாயடி இருந்த இடம்.

மனம் கேட்கவில்லை. முடுக்கை உடைத்தபோது மட்டக்குளி அடுக்குமாடிக்கு அனுப்பிவிட்ட அப்பக்கார அக்காவைத் தேடி ஞாயிறு போனேன். 11ஆம் மாடி, லிப்ட் பழுது. 400 சொச்சம் சதுர அடி, அதற்கும் மாதாமாதம் தவணை. வீடு சுத்தம், தண்ணீர் உள்ளேயே வருகிறது. அதையெல்லாம் அக்கா குறை சொல்லவில்லை. ஆனால் அப்பச்சட்டி நாலும் பேப்பர் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே கிடக்கின்றன. விடிய 5 மணிக்கு வாசலில் அடுப்பு மூட்டி, ரயிலுக்கு ஓடுகிற சனத்துக்குச் சுட்டுக் கொடுத்தவ. 11 மாடி ஏறி யார் அப்பம் வாங்க வருவார்கள்? மகள் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறாள். எங்கே தெரியுமா? அதே கொம்பனித்தெருவில், மாடிக் கட்டடம் ஒன்றைக் கூட்டித் துடைக்க.

கறுவாத்தோட்டத்துப் பங்களாக்காரரும் நாங்களும் எந்தக் காலத்திலும் ஒன்றாக இருக்கவில்லை. ஆனால் அவர்களின் டிரைவரும் சமையல்காரியும் நடந்து போகிற தூரத்தில் எங்களோடு இருந்தார்கள். மலாய்க்கார வீட்டுப் பெருநாள் வட்டிலப்பம் சூடு ஆறாமல் எங்கட வீட்டுக்கு வரும். 1977இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட பிறகு வந்த வேலைகளில் எங்கட அப்பாமாரும் பிழைத்தார்கள், அதை நான் மறக்கவில்லை. வெளிநாட்டுக் காசு வரட்டும். அது வந்து இறங்குகிற மண்ணில் இருந்தவர்களை நகரத்தின் வடக்கு ஓரத்தில் கொண்டுபோய் அடுக்குவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வாங்காதே என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. நீ பாடுபட்டு உழைத்த காசு. முதலில் ஒருக்கா அக்காவோடு கதை. இங்கத்தைய நேரம் பின்னேரம் 3 மணிக்கு எடு, மகள் வரும்வரை தனியாகத்தான் இருப்பா. கதவைத் திறந்ததும் என்னைச் சுகம் விசாரிக்கவில்லை, "முறுகல் ஓரம் கேட்கிறவன் எப்ப வாறான்?" என்றுதான் கேட்டா.

அன்புடன்,
உன்ட கூட்டாளி