ஓய்வெடுக்கச் சொன்னாய், தம்பி

சீர்காழி
20 பிப்ரவரி 2025

அன்புள்ள தம்பிக்கு,

ஊர் வந்து சேர்ந்து நாலு நாள் ஆகிறது. அப்பாவுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது. ‘எப்படி இருந்தது, அம்மா’ என்று நீ போனில் கேட்டபோது ‘நல்லா இருந்தது’ என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பாதிதான். மீதியைச் சொன்னால் நீ கோபித்துக்கொள்வாய், நான் பதில் சொல்வேன், நடுவில் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

தாய்லாந்துக் கடற்கரை ஊரான காவ் லாக்கில் நீ எடுத்துக்கொடுத்த ஆறு நாளில் நீச்சல் குளத்துப் பக்கம் நாங்கள் போனது ஒரே ஒரு முறை. அதுவும் அப்பாவின் மூக்குக் கண்ணாடியை அங்கே மறந்து வைத்துவிட்டதால். ‘கோயில் கோயிலாக அலையாதீர்கள், கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா படுத்திருங்கள்’ என்று நீ சொன்னது நினைவில் இருந்தது. இருந்தும் அலைந்தோம்.

ஆரம்பித்தது நாங்கள் இல்லை. புக்கெட் விமான நிலையத்திலிருந்து வரும்போது, காவ் லாக் மலை ஏறும் வளைவில் எங்கள் டாக்சிக்காரப் பெண் ஹாரனை மூன்று தடவை அடித்தாள். எதிரே வண்டியே இல்லை. எட்டிப் பார்த்தால் சாலையோரம் ஒரு சின்னக் கோயில். மலையைக் காக்கும் சாமியாம். நம் ஊர் லாரிக்காரர்கள் ஐயனார் கோயிலைத் தாண்டும்போது அடிப்பார்களே, அதே மாதிரி. பாங்காக்கிலிருந்து மலேசிய எல்லை வரை 1,200 கிலோமீட்டருக்கு மேல் போகும் பெட்காசெம் நெடுஞ்சாலை அது. இந்த வளைவில் மட்டும் எல்லாரும் ஹாரன் அடிப்பார்களாம். அப்பா உடனே, “நாளைக்கும் இவளையே வரச் சொல்லு” என்றார்.

ரிசார்ட் வாசலிலும் ஒரு குட்டிக் கோயில், ஒற்றைத் தூணின் மேல். அந்த மண்ணுக்குச் சொந்தக்கார ஆவி குடியிருக்கும் வீடு அது. கட்டடம் எழுப்பினால் அதற்கும் ஒரு வீடு கட்டிக் கொடுத்துவிட வேண்டும். தினம் பூமாலை, ஊதுபத்தி, அப்புறம் ஸ்ட்ரா போட்ட சிவப்பு ஃபான்டா பாட்டில். நான் முதலில் யாரோ குடித்துவிட்டு வைத்தது என்று எடுக்கப் போனேன். வரவேற்பறைப் பிள்ளை ஓடி வந்து தடுத்தான். நல்ல வேளை.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வரியில் முடித்துவிடுகிறேன். எல்லாவற்றிலும் மீன் சாறு ஊற்றுகிறார்கள். ‘ஜே’ என்று சொன்னால் சைவம் என்று புரிந்துகொள்கிறார்கள். புளிக்காய்ச்சல் பாட்டில் காலி.

இரண்டாம் நாள் பாங்கா பக்கத்தில் வாட் சுவன் கூஹா என்ற குகைக் கோயிலுக்குப் போனோம். வாட் என்றால் கோயில். சுவன் கூஹா என்பது வேறொன்றுமில்லை, சுவர்ண குகை. முப்பத்திரண்டு வருடம் தமிழ் வாத்தியாராக இருந்தவள், பெயர்ப் பலகையைப் பார்த்ததும் சும்மா இருப்பேனா, அப்பாவுக்குப் பாடம் எடுத்தேன். சுண்ணாம்புக்கல் மலை. உள்ளே நுழைந்தால் ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு இடம், அதில் பொன் நிறத்தில் பள்ளிகொண்ட புத்தர். தலைக்கு மேல் வௌவால், வாசலில் குரங்குக் கூட்டம். மன்னர் சூலலாங்கோன் வந்துபோனதற்கு அடையாளமாக அவர் பெயரின் முதலெழுத்துகளைப் பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நம் கோயில் சுவர்களில் காதலர்கள் எழுதுவதை அப்பா திட்டுவாரே, இதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. ராஜா என்றால் கல்வெட்டாகிவிடுகிறது.

நம் கோயில் மாதிரி அங்கே அர்ச்சனை, வரிசை, சிறப்பு தரிசனம் எதுவும் கிடையாது. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், செருப்பைக் கழற்ற வேண்டும், உட்காரும்போது பாதம் புத்தரைப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். தாமரை மொட்டு, மூன்று ஊதுபத்தி, ஒரு சின்னத் தங்க ரேக்கு கொடுக்கிறார்கள். ரேக்கை நாமே சிலையில் ஒட்டலாம். பல பேர் ஒட்டி ஒட்டி முகமே தெரியாமல் போன ஒரு சிறிய புத்தரின் முழங்காலில் நானும் ஒட்டினேன். எனக்கும் முழங்கால்தானே வலி.

மூன்றாம் நாள்தான் நான் சொல்ல வந்தது தொடங்குகிறது.

காவ் லாக்கிலிருந்து வடக்கே அரை மணி நேரத்தில் தகுவா பா என்ற ஊர். எழுத்துப்படி பொருள் சொன்னால் ‘ஈயக் காடு’. பின்னாளில் வெள்ளீயச் சுரங்கத்தால் பணம் பார்த்த ஊர். சீன வியாபாரிகள் கட்டிய பழைய கடைவீடுகள் ஒரு தெருவில் இன்னும் வரிசையாக நிற்கின்றன. ஆற்றின் மேல் ஒரு இரும்புப் பாலம், ஈயம் அள்ளிய தோண்டிக் கப்பல்களின் இரும்பிலேயே கட்டியதாம். இதையெல்லாம் அப்பா போட்டோ எடுத்திருக்கிறார், அனுப்புவார். நான் போனது வேறொன்றுக்காக. ராஜேந்திர சோழன் கடாரம் கொண்ட மெய்க்கீர்த்தியில் ‘தலைத்தக்கோலம்’ என்று ஓர் ஊர் வரும். அது இந்தத் தகுவா பாதான் என்று சொல்லும் ஆராய்ச்சியாளர்கள் உண்டு. அதற்கும் சுமார் இருநூறு வருடம் முந்தைய ஒரு தமிழ்க் கல்வெட்டு இங்கேதான் கிடைத்தது. 9-ஆம் நூற்றாண்டுக் கல்.

கல் பல இடங்களில் சிதைந்திருக்கிறது. நீலகண்ட சாஸ்திரி போன்றவர்கள் படித்துச் சொன்னது இது: நாங்கூருடையான் தொட்ட ஒரு குளம், அதற்குப் பெயர் ஸ்ரீ அவனி நாரணம், அது மணிக்கிராமத்தாருக்கும் சேனாமுகத்தாருக்கும் அடைக்கலம். தொட்ட என்றால் தோண்டிய. அவனி நாரணன் என்பது மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் பட்டப்பெயர். மணிக்கிராமத்தார் கடல் தாண்டிப் போன வணிகக் குழு, சேனாமுகத்தார் படைக்காரர்கள் என்பார்கள்.

நாங்கூர், தம்பி! நம் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற நாங்கூர். போன மாதம்தான் தை அமாவாசைக்கு மறுநாள் மணிமாடக் கோயில் வாசலில் பதினொரு பெருமாளும் கருடன் மேல் வந்து நின்றதைப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். அந்த ஊர்க்காரன் ஒருவன் வங்கக் கடலைத் தாண்டி வந்து கல்லில் எழுதி வைத்தது ஒரு குளம் வெட்டியதைத்தான். கோட்டை கட்டினேன், கொள்ளையடித்தேன் என்று எழுதவில்லை. உப்புக் காற்று அடிக்கிற இடத்தில் நல்ல தண்ணீருக்கு வழி செய்திருக்கிறான். எனக்கு அது போதும். அப்பாதான், “வரி ஏய்ப்பு ஏதாவது செய்திருப்பான், புண்ணியத்துக்குக் குளம் வெட்டியிருப்பான்” என்றார். கூட்டுறவு வங்கியில் இருந்தவர் புத்தி அப்படித்தான் போகும்.

அந்தக் கல்லை நான் பார்க்கவில்லை. அது இப்போது தீபகற்பத்தின் மறு கரையில் நகோன் சி தம்மராட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மலை தாண்டிப் பல மணி நேரப் பயணம். அப்பாவின் காலை வைத்துக்கொண்டு முடியாது. ஆனால் கல்லோடு சேர்த்துச் சொல்லப்படும் சிலைகளைப் பார்த்தேன். ஒரு பெருமாள், பக்கத்தில் இரண்டு உருவங்கள். ஆற்றங்கரையில் வெகுகாலம் ஒரு மரத்தின் வேரும் தண்டும் அவற்றைக் கட்டிப் பிடித்திருந்தன, பழைய போட்டோக்களில் பார்க்கலாம். ஊரார் ‘பிரா நராய்’ என்கிறார்கள். நாராயணன்தான். நான் பார்த்த பெரிய பெருமாள் புக்கெட்டில் தலாங் அருங்காட்சியகத்தில் நிற்கிறார். திரும்பும் நாளில் விமானத்துக்கு முன்னால் போனோம். ஆளை விட உயரம், உயரமான கிரீடம். விளக்கு இல்லை, பூ இல்லை, கண்ணாடிச் சன்னல் வெளிச்சம் மட்டும். கை கூப்பலாமா என்று காவலாளியைப் பார்த்தேன். அவர் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சரி. இனி சொல்லப்போவதை நீ உட்கார்ந்து படி.

தகுவா பா போன அன்றே, “பக்கத்தில் கோ கோ காவ் தீவு இருக்கிறது, அங்கேதான் பழைய துறைமுகம் தோண்டியிருக்கிறார்கள்” என்று டாக்சிக்காரப் பெண் சொன்னாள். துங் துக் என்று பெயர். செங்கல் அடித்தளங்கள் மிச்சம் இருக்கின்றன. கண்ணாடி மணிகளும், சீனாவின் தாங் காலத்து ஓடுகளும், பாரசீக நாட்டு நீலப் பூச்சு ஓடுகளும் கிடைத்த இடம். அந்தத் தீவுக்குப் படகு பான் நாம் கெம் என்ற மீனவர் ஊரிலிருந்து புறப்படும். பான் நாம் கெம் என்றால் உப்புத் தண்ணீர் ஊர். படகுத் துறைக்கு முன்னாலேயே அவள் வண்டியை நிறுத்தினாள்.

கடற்கரையில் ஒரு நினைவிடம். ஒரு பக்கம் அலை எழும்பி வளைகிற மாதிரி சிமென்ட் சுவர். எதிரே இன்னொரு சுவர் முழுக்கச் சின்னச் சின்னப் பலகைகள், பெயர்கள். சிலவற்றில் போட்டோ. 26 டிசம்பர் 2004.

சுனாமியில் தாய்லாந்தில் சுமார் 5,400 பேர், அதில் பாதிக்குப் பாதி வெளிநாட்டுக்காரர்கள், அதிகம் பேர் போனது இந்தப் பாங்கா மாகாணத்தில் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். காவ் லாக்கில் 813 என்ற எண் போட்ட போலீஸ் ரோந்துப் படகு கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே தூக்கி எறியப்பட்டு இன்றும் நிற்கிறது. மன்னரின் பேரனுக்குக் காவலாகக் கடலில் நின்ற படகு அது, அந்தப் பையனும் போய்விட்டான். அதை முதல் நாளே பார்த்திருந்தோம். பார்த்தது படகைத்தான், சுற்றிலும் பஜ்ஜி மாதிரி ஏதோ விற்றுக்கொண்டிருந்தார்கள். பான் நாம் கெம் அப்படி இல்லை.

டாக்சிக்காரப் பெண்ணுக்கு அந்த ஊர்தான். அன்றைக்குத் தகுவா பா சந்தைக்குப் போயிருந்ததால் தப்பித்தாளாம். முதலில் கடல் உள்ளே வாங்கியது, மீன் துடிக்கிறது என்று பிள்ளைகள் ஓடினார்கள், அப்புறம் வந்தது, மணி பத்தரை என்றாள். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். அவர்கள் நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால். அவர்களுக்குப் பத்தரை என்றால் நமக்கு ஒன்பது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி. நீ சைக்கிளை எடுத்துக்கொண்டு கடலோரத் திருமுல்லைவாசலுக்குக் கிளம்பி வாசலில் நின்றாய். தலைக்கு எண்ணெய் வைக்காமல் போகக் கூடாது என்று நான் பிடித்து உட்கார வைத்தேன். நீ அழுதாய். அந்தக் கடலும் இந்தக் கடலும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் எழுந்திருக்கின்றன. இவர்கள் சுமத்ராவுக்கு நம்மை விடப் பக்கத்தில் இருந்தும், இந்தப் பக்கத்துக் கடல் ஆழம் குறைவு, ஆழம் குறைந்த தண்ணீரில் சுனாமி மெதுவாகத்தான் வரும் என்று அப்பா விளக்கினார். அவருக்குத் துக்கம் வந்தால் விளக்கம் சொல்வார், தெரியும்தானே.

திரும்பி வரும் வழியில் வாட் யான் யாவுக்கும் கூட்டிப் போனாள். அமைதியான கோயில், மரத்தடியில் நாய் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த வாரம் ஆயிரக்கணக்கான உடல்களைக் கொண்டுவந்து கிடத்திய வளாகம் இது. மருத்துவர் பொர்ண்திப் ரோஜனசுனன் தலைமையில் அடையாளம் காணும் வேலை இங்கேதான் நடந்தது. வீட்டுக்கு ஒரு பெயராவது திருப்பி அனுப்ப வேண்டும் என்று பல்லையும் மரபணுவையும் வைத்துத் தேடியிருக்கிறார்கள். நம் பக்கம் அதற்கெல்லாம் நேரமே இருக்கவில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். குழி வெட்டிப் போட்டார்கள். உன் பெஞ்சுப் பையனையும் அப்படித்தான். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. அப்பா போய் நின்றார், உனக்குக் காய்ச்சல் என்று நான் வீட்டிலேயே இருந்தேன்.

பான் நாம் கெம் சுவரில் ஒரு போட்டோவில் பத்துப் பதினொரு வயதுப் பையன், பள்ளிச் சட்டை, காது கொஞ்சம் விடைத்திருந்தது. பெயர் தாய் எழுத்து, படிக்கத் தெரியாது. டாக்சிக்காரப் பெண் வாங்கிக் கொடுத்த சாமந்திப் பூவை அப்பா அந்தப் பலகைக்குக் கீழே வைத்தார். நான் நம் பையன் பெயரைச் சொன்னேன், வாய்விட்டு. இருபது வருடத்தில் நம் வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

அப்புறம் படகில் ஏறித் தீவுக்குப் போனோம். செங்கல்லைப் பார்த்தோம், புல் வளர்ந்திருந்தது. பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டோம்.

நீயும் வருவதாக இருந்து, கடைசியில் லீவு கிடைக்கவில்லை என்றாய். சரி, லீவு கிடைக்காமல் இருந்திருக்கும். மெல்பர்னில் கடல் பக்கத்தில் வீடு பார்த்தபோதும் ஏதோ காரணம் சொல்லி விட்டுவிட்டாய். நான் ஒன்றும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை.

நேற்று திருமுல்லைவாசல் போயிருந்தேன். அவன் அம்மா இப்போது சுனாமி குடியிருப்பில் இருக்கிறாள், முடி முழுக்க நரைத்துவிட்டது. கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தாய்லாந்துச் சுவரைப் பற்றிச் சொன்னேன், போட்டோவும் காட்டினேன். “அங்க பேரெல்லாம் எழுதி வச்சிருக்காங்களா டீச்சர்” என்று ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் உன்னைக் கேட்டாள். கல்யாணம் ஆகிவிட்டதா, எத்தனை பிள்ளை, இன்னும் ஒல்லியாகத்தான் இருக்கிறானா என்று. அடுத்த தைக்கு நீ வருவாய் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கேட்காமல் சொன்னது தப்புதான்.

டிக்கெட் போடும்போது அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால் வருகிற மாதிரி போடு.

அன்புடன்,
அம்மா

பி.கு: அப்பா உனக்கு ஒரு யானை போட்ட பேன்ட் வாங்கியிருக்கிறார். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.