ஜனவரி 30-க்கு முன்னால்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அமெரிக்க அரசுக்கு நாடாளுமன்றம் பணம் ஒதுக்காததால் பூட்டிக்கிடந்த ஆபீஸ் திறந்துவிட்டது என்று நீ போனில் சொன்னதும் அம்மா கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள். எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. 2025 நவம்பர் 12 அன்று அங்கே அதிபர் கையெழுத்துப் போட்ட சட்டத்தைப் பற்றிப் படித்தேன். விவசாயம், முன்னாள் ராணுவத்தினர் நலம் போன்ற சில துறைகளுக்குத்தான் அடுத்த செப்டம்பர் வரை பணம். பெரும்பாலான மற்ற துறைகளுக்கு ஜனவரி 30 வரைதான். நீ வேலை பார்க்கும் துறை எதில் வருகிறது என்று முதலில் விசாரி.

கருவூலத்தில் சம்பளப் பட்டியல் பாஸ் பண்ணியே ரிட்டயர் ஆனவன் நான். நம் ஊரில் மார்ச் சம்பளம் ஏப்ரல் தொடக்கத்துக்குத் தள்ளிப்போகும், அவ்வளவுதான். முழு பட்ஜெட் தாமதமானால் சில மாதச் செலவுக்குச் சபை அனுமதி கொடுத்துவிடும். அதுவே தோற்றால் ஆட்சி போகும், ஆபீஸ் பூட்டாது. அங்கே தலைகீழ். நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாத பணத்தைச் செலவழிக்கக் கூடாது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. இருந்தும், பணம் ஒதுக்குவதில் இழுபறி வந்தால் ஆபீஸ்கள் பெரும்பாலும் அதுபாட்டுக்கு நடந்துகொண்டுதான் இருந்தன. 1980-ல் அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி, பணம் ஒதுக்காவிட்டால் வேலையும் நிற்கவேண்டும் என்று விளக்கம் சொன்னார். அப்புறம்தான் இந்தப் பூட்டு. ஒரு வக்கீலின் கருத்து எத்தனை லட்சம் வீட்டு அடுப்பில் தண்ணீர் ஊற்றுகிறது பார்!

நிரந்தர ஊழியர்களுக்காவது 2019-ல் வந்த சட்டம் இருக்கிறது. வீட்டில் உட்காரவைத்தவர்களுக்கும், சம்பளமில்லாமல் வேலை பார்த்த விமானக் கட்டுப்பாட்டாளர்களுக்கும் பாக்கி பின்னால் வந்துவிடும். வாடகை அதுவரை காத்திருக்காது என்பது வேறு விஷயம். உன்னைப் போல ஒப்பந்தக் கம்பெனி மூலம் போகிறவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. கம்பெனி மனசு வைத்தால் உண்டு. உன் கம்பெனி முதலில் லீவைக் கழித்தது, அது தீர்ந்ததும் சம்பளத்தை நிறுத்தியது. "எல்லாருக்கும் வந்துடும்பா" என்று நீ சொன்னது என்னைத் தேற்றத்தான், தெரியும். இத்தனைக்கும் அங்கே நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குப் பூட்டிய நாட்களிலும் சம்பளம் ஓடிக்கொண்டே இருக்கிறது.

பூட்டினால் செலவு மிச்சமாகும் என்று நினைத்துவிடாதே. 2018 டிசம்பரில் தொடங்கிய 35 நாள் பூட்டுக்கு அவர்களுடைய நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகமே கணக்குப் போட்டது. பொருளாதாரத்துக்கு 1,100 கோடி டாலர் அடி, அதில் 300 கோடி திரும்பவே வராது. உன் சம்பளமும் அந்த மாதிரிக் கணக்குதான். இந்தத் தடவை 43 நாள்.

சரி, செய்யவேண்டியதைச் சொல்கிறேன். மறுபடி பூட்டினால் லீவு, மெடிக்கல் இன்ஷூரன்ஸ் என்னவாகும் என்று கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்கு. வீட்டுக் கடன் தவணையைத் தள்ளிப்போட முடியுமா என்று மாப்பிள்ளை பேங்கில் இப்போதே பேசட்டும். எங்களுக்கு அனுப்பும் பணத்தைப் பிப்ரவரி வரை நிறுத்து. என் பென்ஷன் ஒழுங்காக வருகிறது, அம்மாவின் மாத்திரைச் செலவு போக மிச்சமும் இருக்கிறது. பிடிவாதம் பிடிக்காதே.

அன்புடன்,
அப்பா