ஓடுற பொண்ணுங்க சாப்பாட்டையும் கவனிங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். கடலூர் சில்வர் பீச்ல காலைல 5 மணிக்கே பொண்ணுங்க ஓடுறாங்க, பாக்கவே சந்தோஷம், ஆனா எம் பொண்ணு வெறும் வயித்துல ஓடிட்டு வந்து 11 மணி வரைக்கும் வெறும் கடுங்காப்பியோட இருந்து மூணு மாசமா பீரியட்ஸே வரல. கோச் கேட்டதுக்கு "ட்ரெய்னிங்ல இதெல்லாம் சகஜம்"னுட்டாரு, அது ரொம்ப தப்புங்க. ஓடுற அளவுக்கு சாப்பாடு பத்தலன்னா மூளை ஹார்மோன் சிக்னலையே குறைச்சிடும், ஈஸ்ட்ரோஜன் இறங்கி எலும்பும் வீக்காகும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014லயே இதுக்கு ரெட்-எஸ்னு (RED-S, அதாவது விளையாடுறவங்க உடம்புக்கு சக்தி பத்தாம போறது) பேர் வச்சாச்சு. என்னைக்கோ ஒருநாள் வெறும் வயித்துல ஓடுறது இல்ல, தினமும் பத்தாம போறதுதான் பிரச்சினை. இப்ப டாக்டர்கிட்ட காட்டிட்டு, ஓடுறதுக்கு முன்னாடி பூவன்பழம், வந்ததும் இட்லி, முட்டைனு குடுக்குறேன். உங்க பேப்பர்ல டாக்டருங்கள கேட்டு இத பெருசா எழுதுங்க ஐயா.

ஒரு அம்மா, கடலூர் முதுநகர்