‘மூளைச்சலவை’ என்று எழுதி முடித்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தென்கொரியாவில் தோன்றி ஜப்பானில் ஆள் சேர்த்த யூனிஃபிகேஷன் சர்ச் என்ற மதச் சபை பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில் ‘மூளைச்சலவை’ என்ற சொல் மூன்று இடங்களில் இருக்கிறது. எப்படிச் சலவை செய்தார்கள் என்பது ஓரிடத்திலும் இல்லை. 1950இல் எட்வர்ட் ஹண்டர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் சீனாவைப் பற்றி எழுதிப் பரப்பிய சொல் அது. அதைப் படித்ததும், ஏதோ வசிய மருந்து வைத்துவிட்டார்கள், விழுந்தவர் அறிவில்லாதவர் என்று முடிவுகட்டிவிட்டு வாசகர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்.

வசியம் என்றால் வந்தவர்கள் எல்லோரும் விழ வேண்டுமே. இதே அமைப்பு 1979இல் லண்டன் பகுதியில் நடத்திய தங்கும் முகாம்களுக்கு வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஐலீன் பார்க்கர் கணக்கெடுத்தார். சேர்ந்தவர்கள் சுமார் பத்தில் ஒருவர். அவர்களிலும் பெரும்பாலோர் இரண்டு ஆண்டுகளில் விலகிவிட்டார்கள். சலவையைவிடச் சல்லடை என்பதே பொருத்தமான சொல். பெற்றோரைப் பறிகொடுத்தவர், வேலை போனவர், புது ஊரில் தனியறையில் இருப்பவர் என்று அந்த நேரத்தில் ஆறுதல் தேடுபவர் சல்லடையில் தங்கிவிடுவார். அவர் பட்டதாரியா, படிக்காதவரா என்பது பொருட்டே அல்ல.

ஜப்பானில் இந்தச் சல்லடை ரயில் நிலைய வாசலில் தொடங்கியது. “கைரேகை படித்துக்கொண்டிருக்கிறேன், உங்கள் கையைப் பார்க்கலாமா?” என்பார்கள், அல்லது ஒரு கருத்துக் கணிப்புத் தாளை நீட்டுவார்கள். வீட்டில் யார் யார், யாருக்கு என்ன நோய், மனக்கவலை என்ன என்று கேள்விகள் போகும். அடுத்து வாழ்க்கைக் கல்வி, சுய முன்னேற்றம் என்ற பெயரில் இயங்கும் ஒரு காணொளி மையத்துக்கு அழைப்பு. அங்கே கட்டணமும் உண்டு. கட்டணம் கட்டியவர் பாதியில் விட மனமில்லாமல் திரும்ப வருவார். ஒவ்வொரு காணொளிக்குப் பிறகும் ஒருவர் எதிரே உட்கார்ந்து அவர் சொல்வதை எல்லாம் பொறுமையாகக் கேட்பார். கேட்டது மேலிடத்துக்கு அறிக்கையாகப் போகும். பிறகு இரண்டு நாள் முகாம், அதன் பின் இன்னும் நீண்ட முகாம்கள். மையத்துக்கு வந்தவரிடம் முதல் நாளே சொல்லப்படும் ஒரு நிபந்தனை: “பாடம் முடியும்வரை வீட்டில் சொல்லாதீர்கள். அரைகுறையாகச் சொன்னால் அவர்கள் குழம்புவார்கள்.” கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் வெளியாள் ஒருவர் “இது என்ன அமைப்பு?” என்று கேட்கும் வாய்ப்பு அத்தோடு போய்விடுகிறது.

இது சன் மியுங் மூன் 1954இல் சியோலில் தொடங்கிய சபை, அவரே மீட்பர் என்பதெல்லாம் இத்தனைக்கும் பிறகுதான் தெரியவரும். அதற்குள் நண்பர்கள் அங்கே, பேச்சுத்துணை அங்கே, கட்டிய பணமும் அங்கே. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இங்கே ஒவ்வொரு அடியும் தனியாகப் பார்த்தால் சின்னதுதான். ஒன்றிலும் சண்டை போட்டு எழுந்து வர முகாந்திரம் இருக்காது. சப்போரோ மாவட்ட நீதிமன்றம் 2001இல் இந்த ஆள்சேர்ப்பைச் சட்டவிரோதம் என்றது. கொள்கை சரியா தவறா என்பதற்குள் அது போகவில்லை. அமைப்பின் அடையாளத்தை மறைத்து இழுத்ததைப் பிடித்துக்கொண்டது.

பணம் வாங்கும் முறைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. குடும்ப வம்சாவளிப் படத்தை வரைந்து, அகால மரணங்களைக் காட்டி, “முன்னோர் சாபம் உங்கள் பிள்ளைமேல் இறங்கும்” என்பார்கள். பித்ரு தோஷம் என்று பயம் காட்டும் ஆட்களைப் பார்த்திருக்கும் நம் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பரிகாரமாகப் பெயர் முத்திரை குத்தும் கட்டை, பூச்சாடி, புத்தக் கோயில் கோபுரத்தின் சிறு உருவம், 3 கோடி யென்வரை விலை வைத்த ‘புனித நூல்’ என்று விற்பார்கள். அருள்வாக்கு சொல்பவராக நடிப்பவருக்கு வந்தவரின் கவலையும் சொத்து விவரமும் முன்கூட்டியே போயிருக்கும். உடன் இருக்கும் இன்னொருவர் அந்த அருள்வாக்குக்காரரை வானளாவப் புகழ்வார். 2022 ஜூலை 8 அன்று முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயைச் சுட்டவரின் தாய் இந்தச் சபைக்குக் கொடுத்தது சுமார் 10 கோடி யென்.

உள்ளே போனவரை நிறுத்திவைக்கப் பூட்டு தேவைப்படவில்லை. வேனில் ஊர் ஊராகப் போய்த் தின்பண்டம் விற்று, அதிலேயே படுத்து எழுபவருக்கு யோசிக்க நேரமும் தூக்கமும் ஏது? திருமணத் துணையையும் தலைமையே தேர்ந்தெடுக்கும். 1992இல் சியோல் ஒலிம்பிக் அரங்கில் ஆயிரக்கணக்கான ஜோடிகளுக்கு ஒரே நாளில் திருமணம் நடந்தது. அதன் பிறகு விலகுவது என்றால் கணவனையோ மனைவியையோ பிள்ளைகளையோ விடுவது. வெளியேறுவதற்கான விலை ஏறிக்கொண்டே போகும்.

வீட்டார் செய்யும் தவறும் இங்கேதான் வருகிறது. “அது மோசடிக் கும்பல்” என்று கத்துவார்கள். “உன் உறவினர் வாயாலேயே சாத்தான் பேசுவான்” என்று சபையினர் முன்பே சொல்லி வைத்திருப்பதால், கத்தலே அந்த வாக்குக்குச் சாட்சியாகிவிடும். ஜப்பானில் சில குடும்பங்கள் அடைத்துவைத்தும் பார்த்தன. ஓர் உறுப்பினரை 12 ஆண்டுகளுக்கும் மேல் அடைத்து வைத்தார்கள். அவர் நம்பிக்கையை விடவில்லை. வெளியே வந்து வழக்குப் போட்டார், 2015இல் உச்ச நீதிமன்றம்வரை போய் வென்றார், உறவினர்கள் இழப்பீடு கட்ட நேர்ந்தது. கொள்கையோடு வாதாடாமல் சாப்பாடு, பாட்டியின் உடம்பு, பழைய நண்பன் கல்யாணம் என்று பேச்சை விடாமல் வைத்திருப்பதுதான் பலன் தரும். கூடவே, எந்தத் தேதியில் யார் வந்தார்கள், என்ன பெயர் சொன்னார்கள், எவ்வளவு வாங்கினார்கள் என்று எழுதிவையுங்கள், ரசீதுகளை எறியாதீர்கள். பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டேன் என்று எழுதி வாங்கிய கையெழுத்தைக் கண்டு அஞ்சவும் வேண்டியதில்லை. 80 வயதைத் தாண்டிய ஒரு பெண்ணிடம் இச்சபையினர் வாங்கிய அப்படிப்பட்ட பத்திரம் செல்லாது என்று ஜப்பான் உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது.

2022 டிசம்பரில் ஜப்பான் கொண்டுவந்த நன்கொடைச் சட்டம் ‘மூளைச்சலவை’க்கு இலக்கணம் வகுக்க முயலவில்லை, செயல்களைப் பெயர் சொல்லித் தடுத்தது. நோக்கத்தைச் சொல்லாமல் எழுந்து போக முடியாத இடத்துக்கு அழைத்துப்போவது, போகிறேன் என்பவரைத் தடுப்பது, தொலைபேசியில் ஆலோசனை கேட்க விடாமல் செய்வது, ஆவி சாபம் என்று அச்சுறுத்துவது, வீட்டை விற்றோ கடன் வாங்கியோ கொடுக்கச் சொல்வது எல்லாம் அதில் அடங்கும். அச்சுறுத்தி வாங்கியதை 10 ஆண்டுகள்வரை ரத்து செய்யலாம். குறையும் உண்டு: பெற்றோர் கொடுத்ததைப் பிள்ளைகள் மீட்க நினைத்தால் தங்கள் பராமரிப்புக்குரிய அளவே கேட்க முடியும். பாதிக்கப்பட்டோருக்காக வழக்கறிஞர்கள் கூட்டமைப்பு தொடங்கியது 1987இல். சட்டம் வர 35 ஆண்டுகள். சபையின் சட்ட அங்கீகாரத்தைக் கலைக்க டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் உத்தரவிட்டது 2025 மார்ச் 25 அன்று.

அடுத்த முறை இப்படிப்பட்ட செய்தி வரும்போது, பாதிக்கப்பட்டவரிடம் உங்கள் நிருபர் மூன்று கேள்விகள் கேட்டு எழுதட்டும். முதல் நாள் வந்தவர் எந்தப் பெயரைச் சொன்னார்? உண்மைப் பெயர் எத்தனையாவது நாளில் தெரிந்தது? அதற்குள் கொடுத்த தொகை எவ்வளவு?

— வாசகர், கும்பகோணம்