காதுகுத்துக்கு அடகு போன வயல்

ஆசிரியருக்கு,

சென்ற வாரம் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு காதுகுத்து விழாவுக்குப் போயிருந்தேன். வாசலை மறைத்த பிளெக்ஸ் பேனர்கள், செண்டை மேளம், வாணவேடிக்கை. மண்டபத்தின் பின்புறம் தென்னை மரத்தடியில் மதுப்பாட்டில்கள். மீசை முளைக்காத பையன்களுக்கு ஊற்றிக் கொடுத்தவர்கள் சொந்தத் தாய்மாமன்மார்! கேட்டால், "ஊர் மெச்ச வேண்டாமா?" என்கிறார்கள். கார், பிசானம் என இரு போக நெல்லும் விளைந்த தாமிரபரணிப் பாசன வயலை அடகு வைத்துத்தான் இந்தச் செலவு என்று குழந்தையின் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. இன்றும் நகைக் கணக்கு பேசி முடித்த பிறகுதான் தாம்பூலம் மாற்றுகிறார்கள். மேடையில் சிக்கனம் பேசுகிற தலைவர்களே தங்கள் வீட்டுத் திருமணத்துக்குச் சாலை நெடுகத் தோரணம் கட்டினால், எளியவன் யாரைப் பார்த்துத் திருந்துவான்? அந்தப் பாட்டி தை அறுவடைக்குள் வட்டி கட்டியாக வேண்டும்.

– ஒரு வாசகர், கல்லிடைக்குறிச்சி